கோபால் டீமுக்கு வந்த ஆறு பேர்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

சென்னை ஓ.எம்.ஆரில் ஒரு சர்வீஸ் கம்பெனியில் நடந்தது இது. அமெரிக்க ஆயுள் காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் பாலிசி சிஸ்டத்தைப் பராமரிப்பது எங்கள் டீமின் வேலை. மெயின்ஃப்ரேம் என்ற பெரிய கம்ப்யூட்டர், அதில் கோபால் என்ற பழைய புரோகிராமிங் மொழி, ஜாப்களை ஓட்டச் சொல்லும் ஜேசிஎல், டிபி2 டேட்டாபேஸ், கொஞ்சம் சிஐசிஎஸ் (ஆன்லைன் பரிவர்த்தனைகளைக் கவனிக்கும் மென்பொருள்). பழைய புரோகிராம் எதையாவது திறந்தால் மேலே மாற்றக் குறிப்புகள் 1986-இல் தொடங்கும். யார் தொட்டார்கள், எதற்காகத் தொட்டார்கள் என்று இனிஷியலோடு ஒவ்வொரு வரியாக இறங்கி வரும். அந்த இனிஷியல்காரர்களில் பாதிப் பேர் இன்று எங்கே இருக்கிறார்களோ.

டீமில் பதினான்கு பேர். ஐந்து பேர் ஐம்பதைத் தாண்டியவர்கள். சிஸ்டத்தின் சூட்சுமம் பெரும்பாலும் அவர்கள் தலைக்குள்தான் இருக்கிறது. 2019-இலும் 2021-இலும் ஃப்ரெஷர்களை எடுத்தோம். இரண்டு முறையும் ஒரே கதை: சில மாதம் பயிற்சி, அப்புறம் டீமிலிருந்து "ரிலீஸ் வேண்டும்" என்று ஒரு மெயில், வருடம் முடிவதற்குள் ஒருவர்கூட மிச்சமில்லை. 2022 ஜூலையில் மூன்றாவது தடவையாக ஆறு பேர் வந்தார்கள். அவர்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. நானும் 2004-இல் விரும்பி இந்தப் பக்கம் வந்தவன் இல்லை. போட்டார்கள், வந்தேன்.

மொழியைத் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. 1959-இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆதரவோடு கூடிய கோடசில் என்ற குழு உருவாக்கிய மொழி கோபால். கம்ப்யூட்டர் முன்னோடி கிரேஸ் ஹாப்பரின் ஃப்ளோ-மேட்டிக் என்ற முந்தைய மொழியிலிருந்து நிறைய எடுத்துக்கொண்டது. 1960 டிசம்பரில் ஒரே புரோகிராமை ஆர்சிஏ மெஷினிலும் யூனிவாக் மெஷினிலும் ஓட்டிக் காட்டினார்கள், அன்றைக்கு அது சாதாரண காரியம் இல்லை. இஃப் நிபந்தனை முடியும் இடத்தைக் காட்டும் எண்ட்-இஃப் என்ற சொல்லே 1985 தரநிலையில்தான் வந்தது. கடைசித் தரநிலை 2023. ஆக, மொழி இன்னும் சாகவில்லை. ஆனால் வந்த ஆறு பேரின் காலேஜிலும் அதை யாரும் சொல்லித் தரவில்லை. ஜாவா, பைத்தான் படித்துவிட்டு வந்தவர்கள். ஒரு பெண் ஊருக்கு போன் செய்து "என்னைக் கோபால்ல போட்டுட்டாங்கப்பா" என்றிருக்கிறாள். "யாரும்மா கோபாலு, மேனேஜரா?" என்று கேட்டாராம் அப்பா.

முதல் ஆறு வாரத்தில் பார்த்தது

பழைய பயிற்சித் திட்டத்தையே எடுத்து ஓட்டினோம். ஐடென்டிஃபிகேஷன் டிவிஷன், என்விரான்மென்ட் டிவிஷன், டேட்டா டிவிஷன், புரொசீஜர் டிவிஷன் என்று ஒரு கோபால் புரோகிராமின் நான்கு பகுதிகளுக்கும் அதே வரிசையில் ஸ்லைடு. ஒவ்வொரு வரியிலும் முதல் ஆறு காலம் (எழுத்து இடம், column) வரிசை எண்ணுக்கு, ஏழாவது குறியீட்டுக்கு, எட்டிலிருந்து பதினொன்று வரை ஏ பகுதி, பன்னிரண்டிலிருந்து எழுபத்திரண்டு வரை பி பகுதி. எதற்காக இப்படி என்று ஒருத்தன் கேட்டான். எண்பது காலம் பஞ்ச் கார்டு என்று விளக்கினேன். அவன் முகத்தில், மியூசியத்துக்கு டிக்கெட் வாங்கிவிட்டோமே என்கிற பாவனை.

கிளையன்ட் பக்கத்திலிருந்து லாகின் ஐடி வர நான்கு வாரம் ஆனது. அதுவரை அவர்கள் எழுதிய ஒரு வரிகூட எங்கும் ஓடவில்லை. ஐடி வந்த பிறகு கறுப்புத் திரையில் பச்சை எழுத்தோடு ஐஎஸ்பிஎஃப் எடிட்டர். மவுஸை உருட்டினால் ஒன்றும் நடக்காது, பக்கம் நகர எஃப்7, எஃப்8. நான்கு வாரம் காத்திருந்து கிடைத்தது இதுதானா என்று அவர்கள் நினைத்ததில் தப்பில்லை.

இதற்கு நாங்கள் கொடுத்த மருந்துதான் நோயைவிட மோசம். மொழியின் பெருமை பேசினோம். உலகத்துப் பணமெல்லாம் இதில்தான் ஓடுகிறது, பேங்க் எல்லாம் இதை நம்பித்தான் இருக்கிறது, 2020 ஏப்ரலில் நியூஜெர்சி கவர்னரே டிவியில் வந்து கோபால் தெரிந்தவர்கள் வேண்டும் என்று கேட்டார் பார், என்றெல்லாம். கவர்னர் கேட்டது உண்மை. கொரோனாவில் வேலை இழந்தவர்களின் விண்ணப்பங்கள் குவிந்து, அந்த மாநிலத்தின் பழைய சிஸ்டம் திணறிய நேரம் அது. ஆறு பேரில் ஒரு பையன் அமைதியாகக் கேட்டான்: "அவர் வாலன்டியர் கேட்டார்னுதானே சார் படிச்சேன்? சம்பளம் இல்லாமலா?" எனக்குப் பதில் வரவில்லை.

மூத்தவர்களின் பேச்சில் இன்னொன்றும் கலந்திருந்தது. "எங்க காலத்துல கம்பைல் ரிசல்ட்டுக்கு ஒரு நாள் காத்திருப்போம்" வகையறா. ஒவ்வொரு வாக்கியத்திலும் மொழிக்காக வாதாடிக்கொண்டிருந்தோம். கேட்பவனுக்கு அதிலிருந்து போய்ச் சேருவது ஒரே செய்திதான்: இதற்கு வக்கீல் தேவைப்படுகிறது.

மூன்றாம் மாதம் முடிவதற்குள் ஒரு பையன் பேப்பர் போட்டுவிட்டான்.

நான் தப்பாகப் புரிந்துகொண்டது

அவன் போன வாரம் கீழே டீக்கடையில் மிச்சம் ஐந்து பேரோடு நின்றுகொண்டிருந்தபோது கேட்டேவிட்டேன், இந்த மொழியில் அப்படி என்னதான் பிடிக்கவில்லை என்று. திருநெல்வேலிப் பெண் சொன்னாள்: "மொழி பிடிக்கலன்னு யார் சார் சொன்னா? மூணு வருஷம் கழிச்சு வேற இன்டர்வியூ போனா எங்களை யார் கூப்பிடுவா? அதுதான் பயம்." மற்றவர்கள் மறுக்கவில்லை. ஆரணிப் பையன் ஒருவன், தமிழ் மீடியத்தில் படித்து வந்தவன், அவன் சொன்னது எனக்கு இன்னும் ஆச்சரியம். ஜாவாவைவிட இது அவனுக்கு எளிதாக இருக்கிறதாம். "கணக்கு வாத்தியார் போர்டுல ஒவ்வொரு ஸ்டெப்பா எழுதுற மாதிரி இருக்கு சார்."

மொழிதான் பிரச்சனை என்று நினைத்து மூன்று மாதம் மொழியை விற்றுக்கொண்டிருந்தேன். அவர்கள் பயந்தது மாட்டிக்கொள்வதைப் பற்றி. முந்தைய இரண்டு பேட்ச்சையும் யாரும் இப்படி உட்கார்த்திக் கேட்கவில்லை. போகிறவர்களிடம் எக்ஸிட் படிவத்தில் கேட்டோம், "நல்ல வாய்ப்பு" என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

எடுத்த முடிவுகள், அதற்கான காரணங்கள்

முதல் முடிவு, வெளியே போகும் வழியைத் திறந்து வைப்பது. சேர்ந்த நாளிலிருந்து பதினெட்டு மாதம். 2024 ஜனவரியில் வேறு டீம் கேட்டால் இழுத்தடிக்காமல் விடுவோம். மேனேஜருக்கு இதில் உடன்பாடில்லை, "நாமே கதவைத் திறந்துவிட்டு ஆடு ஓடிடுச்சுன்னு அழறதா?" என்றார். மூடி வைத்தபோது எத்தனை ஆடு நின்றது என்று கேட்டேன். ஹெச்ஆர் எழுதித் தர முடியாது என்றுவிட்டார்கள். கடைசியில் மேனேஜர் ஐந்து பேருக்கும் ஹெச்ஆரைக் காப்பியில் வைத்து ஒரு மெயில் போட்டார். ஒரு பத்தி மெயில்தான், ஆனால் அதைப் பிரிண்ட் எடுத்து வைத்துக்கொண்டவர்களும் உண்டு என்று பின்னால் தெரிந்தது.

இரண்டாவது, காத்திருக்காமல் ஓட்டிப் பார்க்க ஓர் இடம். கம்பெனியின் லேப் சர்வரில் க்னூகோபால் போட்டோம். முன்பு ஓபன்கோபால் என்ற பெயரில் இருந்த இலவச கம்பைலர்தான் (எழுதியதை மெஷின் ஓட்டும் வடிவத்துக்கு மாற்றும் மென்பொருள்) அது. கோபாலை சி மொழியாக மாற்றிக் கம்பைல் செய்யும். காலம் கணக்குப் பார்க்காமல் ஃப்ரீ ஃபார்மட்டிலும் எழுதலாம், விஎஸ் கோட் எடிட்டரிலேயே எழுதலாம். டீமின் மூத்த மேடம் இதை எதிர்த்தார். லேப்பில் ஓடுவதும் மெயின்ஃப்ரேமில் ஓடுவதும் ஒன்றில்லை, தப்பான பழக்கம் வரும் என்றார். அவர் சொன்னதில் பாதி சரியாகவே போனது, அதைக் கீழே சொல்கிறேன். ஆனாலும் அடுத்த பேட்ச்சுக்கும் ஐடி வர நான்கு வாரம் ஆகத்தான் போகிறது, அதற்குள் கை உறைந்துவிடும் என்பதால் போட்டோம்.

மூன்றாவது, ஸ்லைடை விட்டுவிட்டு, உடைந்த புரோகிராமிலிருந்து தொடங்குவது. முதலில் கொடுத்தது ஒரு முற்றுப்புள்ளி. பழைய கோடில் எண்ட்-இஃப் கிடையாது, இஃப் எங்கே முடிகிறது என்பதை வாக்கியத்தின் கடைசிப் புள்ளிதான் சொல்லும். புள்ளி இருக்கும் வரிக்குக் கீழே, உள்தள்ளி அழகாக, இன்னொரு வரி சேர்த்தால் கண்ணுக்கு அது இஃப்புக்குள் இருப்பதாகத் தெரியும். கம்பைலருக்கு அது வெளியே. சலுகைப் பாலிசிக்கு மட்டும் கொடுக்க வேண்டிய தள்ளுபடி எல்லாப் பாலிசிக்கும் போய்விடும். இப்படி ஒரு புரோகிராமைக் கொடுத்து, "கணக்கு ஏன் எகிறுது, கண்டுபிடி" என்று விட்டேன். முக்கால் மணி நேரம் ஐந்து தலைகள் ஒரே திரையில் குனிந்திருந்தன. மூன்று மாதத்தில் அந்த அறையில் அவ்வளவு சத்தம் அன்றைக்குத்தான்.

அடுத்து பணம். பைத்தானில் 0.1-உம் 0.2-உம் கூட்டச் சொன்னேன், 0.30000000000000004 வந்தது. கோபாலில் சரியாக 0.3. இதை மொழியின் பெருமையாகச் சொல்லவில்லை, ஜாவாவில் பிக்டெசிமல், பைத்தானில் டெசிமல் என்று அதற்கும் வழி உண்டு என்பதையும் கூடவே காட்டினேன். வித்தியாசம், இங்கே பத்தின் அடுக்கில் கணக்குப் போடுவதுதான் இயல்பு, அங்கே நாம் நினைவு வைத்துக் கேட்க வேண்டும். இரண்டு பக்கத்தையும் சொன்னபோது அவர்கள் என் பேச்சை நம்பத் தொடங்கினார்கள் என்பது என் கணிப்பு.

நான்காவது, ஒவ்வொருவருக்கும் கோபாலுக்கு வெளியேயும் ஒரு வேலை. ஃபைல் ஒப்பிடும் பைத்தான் ஸ்கிரிப்ட், சிஐசிஎஸ் புரோகிராமை அழைக்கும் ஜாவா ஏபிஐ, இப்படி. ரெஸ்யூமேயில் எழுத ஒரு வரியாவது வேண்டும் என்று அவர்களே சொல்லியிருந்தார்கள். இதற்குப் பெரிய தத்துவமெல்லாம் இல்லை.

கடைசியாக, மூத்தவர் பக்கத்தில் உட்காரலாம், கீபோர்டு மட்டும் புதியவர் கையில்தான். இந்த விதியைக் காப்பாற்றுவதுதான் ரொம்பக் கஷ்டமாக இருந்தது, எனக்கே கை பரபரக்கும்.

ஒன்பதரை மணி ஜாப்

2023 மே மாதம். கிளையன்ட் பக்கம் நள்ளிரவு, இங்கே காலை ஒன்பதரை. ஜாப்கள் வரிசையாகத் தானே ஓடும் பேட்ச் ஓட்டம் போய்க்கொண்டிருந்த நேரம். ஏஜென்ட் கமிஷன் கணக்கிடும் ஜாப் விழுந்தது. ஜாப் பாதியில் நின்றதன் காரணத்தைச் சொல்லும் ஆபெண்ட் கோடு எஸ்-சைபர்-சி-ஏழு, எங்கள் பாஷையில் சாக்-செவன். எண் இருக்க வேண்டிய இடத்தில் எண் இல்லை என்று பொருள். மூத்த மேடம் லீவு, நான் கிளையன்ட் கால்ஸில். திருநெல்வேலிப் பெண்தான் எடுத்தாள்.

கோபாலில் எண்ணைச் சுருக்கி வைக்கும் காம்ப்-3 ஃபீல்டு எப்படி என்றால், ஒரு பைட்டில் இரண்டு இலக்கம், கடைசி அரை பைட்டில் குறி: சி என்றால் கூட்டல், டி என்றால் கழித்தல். ஒன்பது இலக்கத் தொகைக்கு ஐந்து பைட் போதும். ஜாப் விழுந்தபோது மெமரியில் இருந்ததைக் காட்டும் டம்ப்பில் அந்த ஐந்து பைட்டும் 40, 40, 40, 40, 40 என்று இருந்தன. மெயின்ஃப்ரேமின் எப்சிடிக் குறியீட்டில் 40 என்பது வெற்றிடம். கடைசி அரை பைட்டில் குறிக்குப் பதில் பூஜ்யம் நிற்கிறது, மெஷின் கணக்குப் போட மறுத்துவிட்டது. முந்தைய வாரம் மேலேயிருந்து வரும் ஃபைலில் புதிதாக ஒரு வகை ரெக்கார்டு சேர்த்திருந்தார்கள், அதில் கமிஷன் ஃபீல்டை நிரப்பாமல் ஸ்பேஸாகவே அனுப்பிவிட்டார்கள். இத்தனையையும் அவள் நாற்பது நிமிடத்தில் கண்டுபிடித்து, அந்த ரெக்கார்டுகளைத் தனியே ஒதுக்கி ஜாப்பை மறுபடி ஓட்ட கிளையன்ட்டிடம் அனுமதியும் வாங்கிவிட்டாள். கிளையன்ட் கால் முடிந்து நான் ஓடி வந்தபோது "சார், சாக்-செவன் வந்துச்சு, போயிடுச்சு" என்றாள். பயிற்சியில் அதே 40-களை நான்தான் வேண்டுமென்றே ஒரு ஃபைலில் போட்டுக் கொடுத்திருந்தேன், மறந்தே போயிருந்தது எனக்கு.

அன்று மாலை அவள் முகத்தில் தெரிந்ததை மொழியின் மேல் வந்த ஆசை என்று சொல்ல மாட்டேன். வேலை தெரிந்தவளாக நடந்துகொள்ள ஒரு சந்தர்ப்பம் கிடைத்தது, அவ்வளவுதான்.

ஆரணிப் பையன் கதை வேறு. ஒய்2கே (2000-ஆம் ஆண்டுத் தேதிச் சிக்கல்) காலத்தில் தேதிகளை நான்கு இலக்கமாக மாற்றப் பணமோ நேரமோ இல்லாத இடங்களில் ஒரு குறுக்கு வழி வைத்தார்கள்: இரண்டு இலக்க வருடம் 30-க்குக் கீழே என்றால் முன்னால் 20 போடு, இல்லையென்றால் 19. எங்கள் புரோகிராம் ஒன்றில் அடுத்த பிரீமியம் தேதி இப்படித்தான் கணக்காகிறது. யாரும் கேட்காமலே அதைப் படித்துக்கொண்டிருந்தவன் ஒரு நாள் வந்து, "2029 ஜனவரில வருஷ பிரீமியம் கட்டுறவருக்கு அடுத்த தேதி 1930-னு வருமே சார்" என்றான். அது வரும் என்று மூத்தவர்களில் இருவருக்குத் தெரியும். அதற்குள் நாம் இருக்கப் போவதில்லை என்று விட்டிருந்தார்கள். அந்தத் திருத்தம் இப்போது அவன் பெயரில் நடக்கிறது.

சறுக்கியது

மேடம் எச்சரித்தது 2023 பிப்ரவரியிலேயே நடந்திருந்தது. இன்னொரு பெண் தன் பைத்தான் ஸ்கிரிப்ட்டால் டெஸ்ட் ஃபைலை லேப்பில் சார்ட் செய்து (வரிசைப்படுத்தி) மெயின்ஃப்ரேமுக்கு ஏற்றினாள். எங்கள் பாலிசி எண்ணில் எழுத்தும் இலக்கமும் கலந்து வரும். லேப் சர்வரின் ஆஸ்கி குறியீட்டில் இலக்கம் முதலில், எழுத்து பிறகு. எப்சிடிக்கில் நேர் எதிர். இரண்டு ஃபைலையும் வரிசையாகப் பொருத்திக்கொண்டே போகும் புரோகிராமுக்கு ஒரு ஃபைல் அந்த வரிசையிலும் இன்னொன்று இந்த வரிசையிலும் வந்தால் என்ன ஆகும்? பாதி பாலிசி பொருந்தவில்லை என்று ரிப்போர்ட். இரண்டு நாள் புரோகிராம் கோடைத் துருவினோம். கோடில் ஒரு தப்பும் இல்லை. மேடம் "நான் அப்பவே சொன்னேன்" என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் தகும்.

அதைவிடப் பெரிய சறுக்கல் என்னுடையது. கமிஷன் ஜாப் சம்பவத்துக்குப் பிறகு திருநெல்வேலிப் பெண்ணை எல்லா மீட்டிங்கிலும் உதாரணம் காட்டிக்கொண்டே இருந்தேன். கஷ்டமான ஜாப் எது விழுந்தாலும் அவளிடமே போனது. மற்ற நான்கு பேருக்கும் கற்றுக்கொள்ள விழுவதே கிடைக்கவில்லை. அவளே ஒரு நாள் வந்து "சார், என் பேரைச் சொல்றதைக் கொஞ்சம் நிறுத்துங்க" என்று கேட்டுக்கொண்டாள்.

பதினெட்டாம் மாதம்

2023 ஜூலையில் கோயம்புத்தூர்ப் பையன் மேற்படிப்புக்குக் கிளம்பினான். அதற்கும் மொழிக்கும் சம்பந்தமில்லை என்று அவனே சொன்னான், நம்புகிறேன். 2024 ஜனவரியில் நால்வரையும் தனித்தனியே கூப்பிட்டு, மெயிலை நினைவூட்டி, போகிறீர்களா என்று கேட்டேன். ஜாவா ஏபிஐ செய்துகொண்டிருந்த பையன் போகிறேன் என்றான். பிப்ரவரி முதல் வாரத்திலேயே விட்டோம். டெலிவரி நெருக்கடி இருந்தது, "ஒரு மாதம் தள்ளிப் போகச் சொல்" என்று மேலிருந்து அழுத்தமும் வந்தது, கேட்கவில்லை. இவனை இழுத்துப் பிடித்திருந்தால் மற்ற மூவரும் அந்த மெயிலை வெறும் தாளாகத்தான் பார்த்திருப்பார்கள். இப்போது ஜாவா டீமில் எங்கள் காபிபுக்கை (டேட்டா அமைப்பைச் சொல்லும் கோபால் கோப்பு) படிக்கத் தெரிந்த ஒரே ஆள் அவன். அந்தப் பக்கத்தோடு எங்களுக்கு இருந்த தகராறில் பாதி அவனால் குறைந்தது, இது நாங்கள் எதிர்பார்க்காதது.

மூன்று பேர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தி "இப்போதைக்கு இருக்கேன்" என்றுதான் சொன்னாள். ஆறில் மூன்று. முந்தைய இரண்டு பேட்ச்சின் பூஜ்யத்தோடு வைத்துப் பார்த்தால் பெரிது, பெருமையடித்துக்கொள்ளும் அளவுக்கு இல்லை.

மறுபடி செய்தால்

முதல் வாரமே கேட்பேன், மூன்று மாதம் காத்திருக்க மாட்டேன். பேப்பர் போட்டுப் போன முதல் பையன் எதற்குப் பயந்தான் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

லேப்பில் வேலை தொடங்கும் நாளிலேயே எப்சிடிக் வரிசையை ஒரு பயிற்சியாக வைப்பேன். 2024 பேட்ச்சுக்கு வைத்தோம், அந்த வகுப்பை எடுத்தது ஃபைலைத் தப்பாக ஏற்றிய அதே பெண்தான். மூத்தவர்களுக்கும் ஒரு நாள் பயிற்சி வேண்டும்: கீபோர்டைத் தொடாமல் பக்கத்தில் உட்கார்வது எப்படி என்று. விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

சம்பளத்துக்கு மட்டும் என்னிடம் வழியில்லை. இவர்களோடு படித்து கிளவுட் பக்கம் போனவர்கள் இரண்டு வருடத்தில் கம்பெனி மாறி வாங்குவதை இவர்கள் இங்கே இருந்துகொண்டு வாங்க முடியாது. மேலே மூன்று முறை எழுதிவிட்டேன். மூன்றாவது மெயிலுக்கு "பார்க்கலாம்" என்று பதில் வந்தது. அதை அந்த மூன்று பேரிடமும் அப்படியே காட்டினேன்.